இறங்குவதற்கு ஒரு மேடு

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களின் தலைவர்களான ஆட்சியர்கள் மூவருக்கும், ஆற்றங்கரை ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் இந்திய விமானப்படையில் இருபது வருஷம் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக வேலை பார்த்தவன். படைக்குள் அந்தத் தொழிலுக்கு ஏர்ஃபிரேம் ஃபிட்டர் என்று பெயர். 1993இல் சேர்ந்தேன், 2013இல் வெளியே வந்தேன். ஓட்டியவன் இல்லை, ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன்னால் ஸ்பேனரும் கந்தல் துணியுமாக மேலே ஏறி இறங்கியவன். ஊரில் சின்னப் பிள்ளைகள் என்னை ‘எலிகாப்டர் மாமா’ என்றுதான் கூப்பிடும்.

மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1986 வரை இது ஒரே ஜில்லா. தூத்துக்குடி அப்போது பிரிந்தது, தென்காசி 2019இல் பிரிந்தது. தாமிரபரணி ஆறு மட்டும் பாகம் பிரிக்காத சொத்தாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பொதிகையில் பெய்தது பாபநாசம் வழியாக இறங்கி, சீவலப்பேரியில் சிற்றாற்றையும் கூட்டிக்கொண்டு, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற வரைக்கும் வெள்ளத்துக்கு எந்த எல்லைக்கல்லும் தெரியாது.

வெள்ளத்தில் ஹெலிகாப்டர் வந்து இறங்க ஊருக்கு ஒரு மேடு குறித்து வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் தேதி. என் தங்கச்சி வாக்கப்பட்ட ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே ஒரு பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று மாற்றுவேட்டிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. தூத்துக்குடி சீமையில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையே அந்தக் காயல்பட்டினத்துக் கணக்குக்குக் குறைவு. விடியும்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர். மத்தியானம் நெஞ்சளவு. செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனதும், பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டில் இருந்த அரிசியைப் போட்டு ரயிலில் இருந்தவர்களுக்குப் பொங்கிக் கொடுத்ததும் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். கரண்டு இல்லை, போன் டவர் இல்லை. நாங்கள் இருபத்தாறு பேர் ஒரு மொட்டைமாடியில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தோம்.

அதில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒருவர். வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ். திங்கள்கிழமை போக வேண்டிய முறை போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்கு முகம் ஊதிவிட்டது. மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அன்றைக்குத்தான் அந்த ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. கண்ணில் படுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், “மி-17 வருது.” பெற்ற பிள்ளையின் இருமலைத் தகப்பன் அடையாளம் கண்டுகொள்கிற மாதிரிதான் அது. மாடிமாடியாக நின்ற ஜனம் கையை ஆட்டியது, பெண்கள் சேலையை வீசினார்கள். ஊருக்கு மேலே ரெண்டு வட்டம் போட்டார்கள். மூன்றாவது வட்டத்தில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து சாப்பாட்டுப் பொட்டலங்களைப் போட்டார்கள். சிலது வாழைத்தோட்டத்துத் தண்ணீரில் விழுந்தது, சிலது ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்து சிதறியது, மிச்சம் கையில் கிடைத்தது. அப்புறம் கிழக்கே திரும்பிப் போய்விட்டார்கள்.

தங்கச்சி மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். “என்ன மச்சான், உங்க ஆளுக இறங்காமலே போறாங்க?”

“எங்க இறங்கச் சொல்லுதீங்க மாப்ள?” என்று கேட்டேன். கோபத்தில் கேட்டதில்லை. மேலேயிருந்து அந்தப் பைலட்டுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று மாடியில் நின்றபடியே நானும் ஒரு வட்டம் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்.

பள்ளிக்கூட மைதானம் தண்ணீருக்குள். கோயில் திடலில் தகரப் பந்தல், அதற்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கரண்டுக் கம்பி. களத்தைச் சுற்றித் தென்னை. ஊருக்கு மேற்கே ஒரு செவல் (செம்மண்) மேடு, காய்ந்த இடம் என்று இருந்தது அது ஒன்றுதான். அதில் பாதி உடைமரம், மறு பாதிக்கு நட்டநடுவே உயர் அழுத்தக் கம்பி. மேடு இருந்தது, இறங்க இடம் இல்லை.

அண்ணாச்சியை மறுநாள் கடற்கரையிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் நடுவில் போன அந்த இருபத்து நாலு மணி நேரத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த ஹெலிகாப்டர் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறேன். அதன் உடம்பு தெரிந்தால்தான் அதற்கு எப்படிப்பட்ட தரை வேண்டும் என்பது புரியும். (எனக்கு இதைப் பற்றிப் பேசப் பிடிக்கும் என்பதும் உண்மைதான், அதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

1961இல் முதன்முதலில் பறந்த மி-8தான் இதற்குத் தகப்பன். மிகயீல் மில் என்ற ரஷ்யரின் வடிவமைப்புக் கூடத்தில் பிறந்தது. ‘மி’ என்பது அவர் பெயரின் முதல் எழுத்து. அதே உடம்பில் கூடுதல் வலுவுள்ள என்ஜின் ரெண்டைப் பொருத்தி எழுபதுகளில் வந்தது மி-17. ரெண்டையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு: வால் விசிறி மி-8க்கு வலது பக்கம், மி-17க்கு இடது பக்கம். கசான், உலான்-உதே என்ற ரெண்டு ஊர்த் தொழிற்சாலைகளிலும் இந்தக் குடும்பத்தில் மொத்தம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செய்து உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். நம் படை 2008 டிசம்பரில் மி-17 வி5 என்ற ரகத்தில் எண்பதுக்கு ஒப்பந்தம் போட்டது. 2012 பிப்ரவரியில் முறைப்படி சேர்த்தார்கள். பிறகு வாங்கியவற்றையும் கூட்டினால் 151. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகக் கை வைத்தது அந்த ரகத்தில்தான்.

உள்ளே நின்று பார்த்தால் நம்ம ஊர் மினி பஸ்ஸின் வயிறு மாதிரி இருக்கும். சீட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ரெண்டு பக்கமும் மடக்குகிற பெஞ்சு. முப்பத்தாறு சிப்பாய்கள் உட்காரலாம், இல்லையென்றால் 4 டன் சரக்கு. வயிற்றுக்கு அடியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் நாலரை டன். வி5க்குப் பின்னால் சாய்தளம் மாதிரி இறங்குகிற கதவு. ஜீப்பை அப்படியே ஓட்டி உள்ளே ஏற்றலாம். எல்லாம் ஏற்றிய பிறகு மொத்த எடை 13 டன் வரை போகலாம். ரெண்டு என்ஜினில் ஒன்று கைவிட்டால் மற்றது தானாகவே கூடுதல் பலத்தைக் கொடுக்கும். தரையில் பேட்டரி வண்டி கொண்டுவந்து நிறுத்தித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்பதில்லை. அதற்கென்று குட்டி என்ஜின் ஒன்றைத் தலைமேலேயே வைத்திருக்கிறது. பொட்டல் காட்டில் இறங்கி, அணைத்து, மறுபடி தானே கிளம்பும். மெக்கானிக் பாஷையில் சொன்னால் இது டிராக்டர் ஜாதி. அழகு கிடையாது, சொன்ன வேலையைச் செய்யும்.

படை வேலையில் இது எல்லாமும் செய்தது. சியாச்சின் பக்கத்துப் பனிமேட்டுக்கு மண்ணெண்ணெயும் ரேஷனும் சுமந்தது. கார்கிலில் ராக்கெட் கட்டிக்கொண்டு தாக்கப் போனது. 1999 மே 28 அன்று தோளில் வைத்துச் சுடுகிற ஏவுகணை பட்டு ஒன்று விழுந்து, உள்ளே இருந்த நான்கு பேரும் போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் போரில் இதைத் தாக்குதலுக்கு அனுப்பவில்லை, சுமக்கிற வேலையோடு நிறுத்திக்கொண்டார்கள். சாதுவான உடம்பு இது, சண்டைக்குப் பிறந்ததில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இதற்குச் சண்டைக்கு வருவார்கள்.

பொதுஜன வேலைக்கு வந்தால் அந்தச் சாதுத்தனமே பலம். 2013 ஜூனில் உத்தராகண்ட் மலையில் சிக்கிய யாத்திரீகர்களை இறக்கிக்கொண்டு வந்தது. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் தேவ்கர் பக்கம் ரோப் காரில் அந்தரத்தில் தொங்கியவர்களைக் கயிறு விட்டு எடுத்தது. சாலையே இல்லாத காட்டு ஊர்களுக்கு ஓட்டு மெஷினையும் தேர்தல் ஊழியர்களையும் கொண்டுபோகிறது. 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத் தீக்கு, பாம்பி பக்கெட் என்கிற ராட்சத வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் மொண்டு ஊற்றியது. நம் சொந்த மாவட்டத்துக்கே 2023இல் வந்தது. கர்ப்பிணி ஒருவரும் குழந்தையும் வான்வழியே மீட்கப்பட்ட செய்தியை எல்லாரும் பார்த்தோம்.

அப்படியானால் குறை எங்கே? கணக்குப் போட்டால் தெரியும். நமக்குப் பக்கத்தில் மி-17 வி5 நிற்கிற தளம் கோயம்புத்தூருக்கு அருகே சூலூர். சூலூருக்கும் பாளையங்கோட்டைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். மணிக்கு 230 வேகம் என்றால் ஒன்றே கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். டேங்க் நிறைய எண்ணெய் இருந்தால் 580 கிலோமீட்டர் போகும். வந்து திரும்பவே 520 சரியாகிவிட்டது. உள்ளே கூடுதல் டேங்க் வைத்துக்கொண்டால் ஆயிரத்துக்கு மேல் போகும்; ஆனால் அந்த டேங்க் உட்காருகிற இடத்தில் மனுஷர்கள் உட்கார முடியாது. ஆக, மதுரையிலோ வாகைக்குளத்திலோ (தூத்துக்குடி விமான நிலையம்) திருவனந்தபுரத்திலோ எண்ணெய் போட்டுக்கொண்டுதான் நம் ஊர்களுக்கு மேலே வேலை பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் நேர்கோட்டில் தொண்ணூறு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் நடுவில் மலை நிற்கிறது, மழைக்காலத்தில் மலைமேல் மேகம் நிற்கிறது.

இப்படி அளந்து அளந்து கொண்டுவந்த எண்ணெயில், “எங்கே இறங்கலாம்?” என்று தேடிப் போடுகிற ஒவ்வொரு வட்டமும் ஒரு டயாலிசிஸ்காரரின் நேரம். தேடவே தேவையில்லாமல், “இந்த ஊருக்கு இந்த இடம், அட்சரேகை இது, தீர்க்கரேகை இது, கம்பி இந்தத் திசையில், தென்னை இந்தத் திசையில்” என்று ஒரு தாள் பைலட்டின் முழங்காலில் இருந்தால்? ஹெலிகாப்டரை நாம் வாங்க வேண்டாம், ஓட்ட வேண்டாம், அது படையின் வேலை. நாம் செய்ய வேண்டியது அந்தத் தாளை எழுதுவது.

2005ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டத் திட்டத்தை வருஷா வருஷம் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. புதுப்பிக்கிறபோது இந்தத் தாள் அதில் ஏற வேண்டும். பெரிய ஊர்களுக்கு ஹெலிபேட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்றால் ரெண்டே நாளில் தரையை மட்டப்படுத்தி, சுண்ணாம்பில் வட்டம் போட்டு, நடுவில் எச் (H) எழுதி, சவுக்குக் கம்பு கட்டி, தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும் நிறுத்திவிடுவோம். அதில் நமக்குக் கைப்பழக்கம் நன்றாகவே உண்டு. கேலியாகச் சொல்லவில்லை. அந்தத் திறமையைத்தான் கேட்கிறேன், யாரும் வராத நாளில், யாரும் வராத ஊரில்.

எப்படிப்பட்ட இடம் என்பதைப் பற்றி. இதன் தலைவிசிறிக்கு விட்டம் மட்டும் 21 மீட்டர். விசிறி சுற்றுகிறபோது முன் நுனியிலிருந்து வால் நுனி வரை 25 மீட்டர். அதைப்போல் ரெண்டு மடங்காவது நீளமும் அகலமும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி நேரே கீழே இறங்கச் சொல்லக் கூடாது. காற்றை எதிர்த்து வந்து இறங்கவும், எதிர்த்தே கிளம்பவும் ஒரு திசையாவது திறந்து கிடக்க வேண்டும். நம் ஊரில் ஆனி ஆடியில் காற்று மேற்கேயிருந்து வரும். வெள்ளம் வருகிற ஐப்பசி கார்த்திகையில் வாடை, வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். ஆகையால் கோடையில் பார்த்து “நல்ல இடம்” என்று எழுதிவிட்டு வந்தால் மழையில் அது தப்பாகப் போய்விடும்.

மண்ணைப் பற்றி விமானப்படைப் புத்தகத்தைவிட எங்கள் அப்பா நன்றாகச் சொல்வார். 13 டன் மூன்று கால்களில் இறங்குகிறது, கால் ஒவ்வொன்றிலும் சக்கரம். கயத்தாறு பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பிறகு மாட்டுவண்டியே அச்சு வரை புதையும்; அங்கே வேண்டாம். உழுத நஞ்சையைக் கேட்கவே வேண்டாம். திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரிமணல் மழையில் பரவாயில்லை. கோடையில் தீயணைக்க வந்து இறங்கினால் செம்மணல் ஆளுயரம் கிளம்பி, பைலட்டுக்குத் தரையே தெரியாமல் போகும். நமக்குத் தோதானது சரள் கலந்த செவல். ஊர்ப்புறத்துப் பொத்தைகளின் (சின்னக் குன்றுகளின்) அடிவாரம், குளத்து மறுகாலுக்கு எட்டாத மேய்ச்சல் மேடு, பழைய செங்கல் சூளைத் தரை. இப்படி ஒரு இடம் இல்லாத ஊர் நம் சீமையில் குறைவு. உடைமரத்தை வெட்டினாலே பாதி இடம் தயார்.

கம்பிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் மரம் தெரியும், கட்டடம் தெரியும், கம்பி தெரியாது. கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பி இருக்கிறது என்று யூகிக்க வேண்டும். இதோடு பணகுடி, வள்ளியூர், இராதாபுரம், கயத்தாறு சுற்றி நிற்கிற காற்றாலைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேகம் தாழ்ந்த நாளில் அதன் இறக்கை மேகத்துக்குள் இருக்கும், கால் மட்டும் வெளியே தெரியும். ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்ற வரைபடமும் அந்தத் தாளோடு போக வேண்டும்.

அடுத்தது, வந்து இறங்குகிறபோது நாம் என்ன செய்கிறோம் என்பது. ஊருக்கு நாலு பேரையாவது இதற்குப் பழக்க வேண்டும். ஆண்கள் மட்டும் இல்லை, மகளிர் குழுவிலிருந்தும் ஆட்கள் வேண்டும்; கூட்டத்தை அடக்குவதில் அவர்களுக்கு நிகர் கிடையாது. பத்துப் பன்னிரண்டு டன் எடையை அந்தரத்தில் நிறுத்துகிற காற்று முழுக்கக் கீழேதான் இறங்கும். தகரம் பறக்கும், ஓலை பறக்கும், ஈரத் துண்டு பறந்து விசிறியில் சுற்றினால் முடிந்தது கதை. எச் என்று துணியில் எழுதி விரிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுக்க வேண்டும். சுண்ணாம்போ கோலப்பொடியோ போதும். காற்றின் திசை காட்ட ஓரமாகத் தள்ளி ஒரு கம்பில் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டலாம், ஈர வைக்கோலைப் புகைய விடலாம்.

வால் பக்கம் யாரும் போகவே கூடாது. வால் விசிறி சுற்றுகிறபோது கண்ணுக்குத் தெரியாது. பின்கதவு வழியாகத்தான் ஏற வேண்டும் என்றாலும், படையாள் இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற வரைக்கும் பைலட்டின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்பக்கம் தள்ளிக் குத்த வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்க முடியாமல் கயிறு விட்டால், கொக்கி தரையைத் தொட்ட பிறகுதான் பிடிக்க வேண்டும். விசிறி காற்றில் உரசி உரசி அந்த உடம்பில் மின்சாரம் ஏறியிருக்கும். முதலில் தொடுகிறவனை அடித்துத் தள்ளும். இதைத் தெரியாமல் தாவிப் பிடித்த ஒரு பையனை நானே பார்த்திருக்கிறேன். விழுந்தது சேற்றில், அதனால் பிழைத்தான்.

டிரோன் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளத்தைப் படம் பிடித்துப் போடுவதில் நல்லதும் உண்டு, எந்த ஊர் மூழ்கியது என்பதே அப்படித்தான் பல பேருக்குத் தெரிந்தது. ஆனால் ஹெலிகாப்டர் சத்தம் கேட்ட மாத்திரத்தில் அதை இறக்கிவிடுங்கள். ரெண்டு கிலோ டிரோனுக்காக அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும்.

யாரை முதலில் ஏற்றுவது என்பதும் ஊருக்குள் முன்கூட்டியே முடிவாக வேண்டிய காரியம். டயாலிசிஸ் செய்கிறவர்கள், நிறைமாதக்காரிகள், ஆக்சிஜனில் இருப்பவர்கள் யார் யார் என்பது கிராமச் செவிலியருக்குத் தெரியும். ஐப்பசி பிறக்கிறபோது அவரிடமிருந்து ஒரு பட்டியல் வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் வைத்துவிட்டால், விசிறிச் சத்தத்துக்கு நடுவே “எங்க தாத்தாவை முதலில்” என்ற சண்டை இருக்காது.

இதுவரை சொன்னது ஆற்றங்கரைக்கு. மலைக்கு வேறு கணக்கு.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. தமிழ்நாட்டில் நேற்று அதிக மழை எங்கே என்று செய்தி வாசித்தால் அடிக்கடி வருகிற பெயர்கள். ஒரே ஒரு மலைப்பாதை. அது சரிந்தால் மேலே இருக்கிறவர்கள் மேலேதான். காரையாறு அணைக்கு அந்தப் பக்கம் இஞ்சிக்குழியில் காணிப் பழங்குடி ஜனங்கள் இருக்கிறார்கள். படகில் அணையைக் கடந்து அதற்கப்புறம் காட்டில் நடக்க வேண்டும். 6,000 மீட்டர் வரை ஏறுகிற இந்த ஹெலிகாப்டருக்கு நம் மலையின் உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மேகம் பொருட்டு. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய மி-17 வி5 குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட பதினான்கு பேர் போனார்கள். திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து, திசை தப்பி மலையில் மோதியது என்பதே விசாரணையில் வந்தது. என்ஜினில் கோளாறு இல்லை. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. உத்தராகண்டிலும் மீட்பு வேலைக்கு நடுவே 2013 ஜூன் 25 அன்று ஒன்று விழுந்து இருபது பேர் இறந்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு, கூப்பிட்டால் எப்போதும் வந்துவிடும் என்று நான் எழுதினால் அது மோசடி. மழை கொட்டுகிற நேரத்தில் அது மாஞ்சோலைக்கு வராது. மேகம் விலகுகிற ஒரு மணி நேரத்தில் வரும். அந்த ஒரு மணி நேரம் வீணாகக் கூடாது என்பதற்குத்தான் மேலேயும் ஒரு இடம் குறித்து வைக்கச் சொல்கிறேன். அங்கே மேகம் எந்த மணிக்கு விலகும், எந்தச் சரிவில் முதலில் தெளியும் என்பது அங்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்குத் தெரியும். வானிலை மேப்பில் அது இருக்காது. ஒரு நாள் அவர்களைக் கூப்பிட்டு வைத்துக் கேளுங்கள்.

மாசி பங்குனியில் மலையில் தீப் பிடிப்பதை ஊரிலிருந்தே பார்க்கலாம், இருட்டில் மலைக்கு மாலை போட்ட மாதிரி இருக்கும். பார்க்க அழகாக இருக்கும் என்பதுதான் அதிலுள்ள கொடுமை. இதற்குக் கட்டுகிற பாம்பி பக்கெட் 3,500 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் லாரியில் பாதிகூட வராது. மொள்ளுகிற தண்ணீர் தீக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இதில் பிரயோஜனம் உண்டு. மணிமுத்தாறு, சேர்வலாறு, காரையாறு அணைகளில் கோடைக்கால நீர்மட்டத்தில் எந்த மூலையில் ஆழம் இருக்கும், எங்கே மரமும் கம்பியும் இல்லாமல் தாழ இறங்கி மொள்ளலாம் என்று நீர்வளத்துறைக்காரர்களும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக வனத்துறைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு காலைப்பொழுதில் குறித்துவிடலாம். புலிக்காட்டுக்குள் ஹெலிகாப்டர் சத்தம் தேவையா என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. தீயைவிடச் சத்தம் மேல்.

படகு போதாதா என்றும் கேட்பீர்கள். 2023இல் பெரும்பாலான ஜனத்தைக் காப்பாற்றியது படகும் அக்கம்பக்கத்துக் கைகளும்தான், அதில் எனக்கு ரெண்டாவது பேச்சு இல்லை. அந்த மீனவர்களுக்கு இன்னும் நாம் பட்ட கடன் தீரவில்லை. ஆனால் ஆற்றின் இழுவை அடங்குகிற வரை படகும் வர முடியவில்லை. நாங்கள் காத்திருந்ததில் ஒரு நாள் அப்படிப் போனதுதான்.

இதையெல்லாம் போன வருஷமே ஒரு அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தேன். “ஹெலிகாப்டர் சம்பந்தமா எங்ககிட்ட செக்‌ஷன் இல்லியே அண்ணாச்சி” என்று அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் சொன்னார், டீயும் வாங்கிக் கொடுத்தார். அவர் மேல் வருத்தம் இல்லை. செக்‌ஷன் இல்லாத விஷயம் என்பதால்தான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

சும்மா கேட்டுவிட்டு உட்காரவும் இல்லை. ஓய்வுபெற்ற படைக்காரர்கள் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் ரெண்டு கரையிலும் பதினோரு ஊர்களில் மேடு பார்த்து அளந்திருக்கிறோம். செல்போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் இருக்கிற இடத்தின் அட்சரேகை வரும் என்பதால் அதையும் குறித்திருக்கிறோம். பள்ளிக்கூட நோட்டில் எழுதிய படங்கள்தான், அழகாக இருக்காது. நாங்கள் சொல்கிற இடம்தான் சரி என்று அடம் பிடிக்கவில்லை. சூலூரிலிருந்து ஒரு பைலட்டையோ ஃபிளைட் இன்ஜினியரையோ வரவழைத்து, இது ஆகும், இது ஆகாது என்று அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். பதினோரு இடத்தில் நாலு தேறினாலும் எங்களுக்குத் திருப்தி.

தங்கச்சி ஊர்ச் செவல் மேட்டை மட்டும் தனியாகச் சொல்லி முடிக்கிறேன். உடைமரத்தை வெட்டித் தர ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டாயிற்று, நூறு நாள் வேலையிலும் சேர்க்கலாம் என்கிறார்கள். தரையை மட்டம் பண்ண ஒருவர் தன் டிராக்டரைத் தருகிறேன் என்றிருக்கிறார். டயாலிசிஸ் அண்ணாச்சி மூட்டைச் சுண்ணாம்பு வாங்கி வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறார். நடுவே போகிற அந்த உயர் அழுத்தக் கம்பியை மட்டும் நாங்கள் தொட முடியாது. அதை மேட்டுக்கு வடக்கே அறுபது மீட்டர் தள்ளிப் போட ஒரு உத்தரவு வேண்டும், அதுவும் ஐப்பசிக்கு முன்னால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை ஏர்ஃபிரேம் ஃபிட்டர் ஒருவர்,
தாமிரபரணிக் கரை, திருநெல்வேலிச் சீமை